வலிக்காத காலுக்கு ஒரு செருப்பு

திண்டிவனம் நேரு வீதியில் ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்து, “அண்ணே, எம்சிஆர் இருக்கா?” என்று கேட்டால், “யாருக்கு? சுகரா, குதிகால் வலியா?” என்று பதில் கேள்வி வரும். எதைச் சொன்னாலும் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரே செருப்புதான். விழுப்புரத்திலும் இதே கதை. மாத்திரைகளுக்குக் கீழே டாக்டரே சீட்டில் எழுதிக்கொடுக்கும் செருப்பு இது ஒன்றாகத்தான் இருக்கும். எம்.சி.ஆர். என்பதற்கு மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்று விரிவு. மெத்தென்று இருக்கிறது, அதனால் காலுக்கு நல்லது என்று சொல்லித்தான் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். ஆனால் இந்தச் செருப்பு முதலில் யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களுக்கு அது மெத்தென்று இருப்பதே தெரியாது. அவர்கள் பாதத்தில் உணர்ச்சி கிடையாது.

அவர்களைத் தேடித் திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு ரயிலேறினால் வழியில் வருவது செங்கல்பட்டு. அங்கே திருமணியில் அந்தக் காலத்தில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. 1947இல் அதைப் பார்க்க வந்தவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் மருத்துவம் படித்து, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மருத்துவராகச் சேர்ந்திருந்தவர். சுற்றிக் காட்டியவர் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன். மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒரு நோயாளியிடம் தன் கையைப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். அந்தப் பிடி எலும்பு நோகும் அளவுக்கு இறுகியது. செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த கையில் இவ்வளவு பலம் இருக்கிறதே என்ற வியப்பில்தான் வேலூரின் புகழ்பெற்ற கை அறுவை சிகிச்சைகள் தொடங்கின.

கையைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். என் அக்கறை காலில்.

தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி விழும் என்று ஊரும் நம்பியது, மருத்துவர்களில் பலரும் நம்பினார்கள். பிராண்டும் கூட இருந்தவர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சுடுபாத்திரம் பிடித்தது, கூரான பிடியுள்ள கருவியை அழுத்தியது என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. தூக்கத்தில் எலி கடித்திருந்த விரல்களும் இருந்தன. தூங்கியவருக்கு அது தெரியவே இல்லை. அதன் பிறகு நோயாளிகள் பூனை வளர்த்தார்கள். நோய் நரம்பைக் கெடுக்கிறது, உணர்ச்சி போய்விடுகிறது, மீதிச் சேதத்தை அன்றாட வாழ்க்கை செய்து முடிக்கிறது என்பது இப்படித்தான் உறுதியானது.

கையைப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றலாம். நடக்காமல் இருக்க முடியுமா? நல்ல காலுள்ளவர் பத்து மைல் நடந்தால் பாதி வழியில் தன்னையறியாமல் நடையை மாற்றிக்கொள்வார். முன்பாதம் எரிந்தால் எடையைக் குதிகாலுக்குத் தள்ளுவார், சற்றே சாய்த்து மிதிப்பார், கொஞ்சம் நிற்பார். இதை எல்லாம் செய்யச் சொல்வது வலி. அது இல்லாத பாதம் முதல் அடியை வைத்த அதே விதத்தில்தான் கடைசி அடியையும் வைக்கும். விரல்கள் மடங்கிப்போன பாதத்தில் உடம்பின் பாரம் முழுவதும் முன்பாத எலும்பு முனைகளில் இறங்கும். தோலுக்கு அடியில் சதை நசுங்கி, பிறகு வெளியே குழிப்புண்ணாகத் திறக்கும். முள் குத்தியிருக்காது, கல் பட்டிருக்காது, வெறும் நடை.

புண்ணை ஆற்றும் வழி முன்பே தெரிந்திருந்தது. 1930களிலேயே இலங்கையில் மில்ராய் பாலும் இந்தியாவில் ஜோசப் கானும் காலோடு ஒட்டிய மாவுக்கட்டைப் போட்டு, அதோடு நோயாளியை நடக்க விட்டார்கள். திறந்த புண்ணை மூடிக் கட்டுவதா என்று தோன்றும். ஆனால் ஆறியது. பாதத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் கட்டு ஒட்டியிருந்ததால் ஒரு முனையில் இறங்கிய பாரம் பாதம் முழுக்கப் பரவியது, அவ்வளவுதான் மருந்து. வேலூரிலும் இதைச் செய்தார்கள். சிக்கல் அடுத்த கட்டத்தில் இருந்தது. கட்டைப் பிரித்து ஊருக்கு அனுப்பிய ஆள் அதே இடத்தில் அதே புண்ணோடு திரும்பி வந்தார். மாவுக்கட்டு செய்த வேலையைத் தினமும் காலில் மாட்டிக்கொண்டு போகிற ஒன்று செய்ய வேண்டியிருந்தது. நம் செருப்பின் பிறப்பு இந்தத் தேவையில்தான்.

மரக்கட்டைப் பாதரட்சை, தோல், பிளாஸ்டிக் என்று பலவற்றை முயன்ற பிறகு நுண்ணறை ரப்பரில் வந்து நின்றார்கள். ரப்பரோடு வாயு விடும் பொருள் ஒன்றைக் கலந்து அச்சில் சூடேற்றினால், உள்ளே எண்ணற்ற மூடிய காற்றறைகள் உண்டாகும். நம் ஹவாய் செருப்பும் இதே வம்சம்தான், ஆனால் கடினம் அதிகம். கால் மரத்தவர்களுக்கான உள்தளம், ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் ஏறக்குறைய 15 பாகை. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழும், எடுத்தால் எழும்பும். மெத்தென்ற ரப்பரை மட்டும் நம்பினால் கண்ணாடித்துண்டு ஏறிவிடும் என்று அடியில் பழைய டயர் வைத்தார்கள். ஆணி கூடவே கூடாது. தேய்ந்து மேலே நீட்டினால் காலுக்குத் தெரியாது. குதிகாலுக்குப் பின்னால் வார் கட்டாயம். செருப்பு வழியில் கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடந்து போகிறவர் அல்லவா இவர்!

அடுத்தது அளவு. எல்லோர் பாதமும் ஒரே அளவில் அடங்காது. மை தடவிய ரப்பர் விரிப்பில் நடக்கவிட்டு, எங்கே கறுப்பு அடர்த்தியாகப் பதிகிறது என்று பார்த்து அந்த இடத்தின் பாரத்தைக் குறைத்தார்கள். 1960களில் பிளாஸ்டசோட் என்ற பாலிஎத்திலீன் நுரைத்தகடு வந்தது. சுமார் 140 டிகிரி சூட்டில் சில நிமிடம் அடுப்பில் வைத்து எடுத்து, அதன்மேல் பாதத்தை அழுத்தினால் பாதத்தின் வடிவம் அப்படியே பதியும். தகட்டில் காற்றுதான் அதிகம் என்பதால் மேற்பரப்பு சீக்கிரம் ஆறிவிடும். தொழுநோயால் உருமாறிய பாதங்களுக்கு இதைப் பயன்படுத்துவது பற்றி 1969இல் டக் என்பவர் ‘லெப்ரசி ரிவ்யூ’ இதழில் எழுதினார். ஒரே குறை, தகடு சீக்கிரம் அமுங்கிவிடும். அதனால் கீழே எம்.சி.ஆர். வைப்பதுண்டு.

குளிர்நாடுகளில் பனித்தரையில் சுழன்றாடும் ஸ்கேட்டிங் வீரர்களின் பூட்ஸையும் இப்படித்தான் சூடாக்கி, மாட்டி, நாடாவை இறுக்கி, ஆறும்வரை உட்கார வைக்கிறார்கள். கணுக்கால் எலும்பு இடிக்கிறது என்று அந்த வீரர் சொன்னால் அந்த இடத்தை மறுபடி சூடாக்கித் தள்ளிவிடுவார்கள். வேலூர்ச் செருப்புத் தொழிலாளிக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. சூடு பொறுக்குமா என்பதைக்கூடத் தொழிலாளியேதான் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு விபரீதமும் உண்டு: உணர்ச்சி குறைந்தவர்கள் இறுக்கமான செருப்பையே விரும்பி எடுப்பார்கள். அது ஒன்றுதான் காலில் இருப்பதாகத் தெரியும்.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். மாவுக்கட்டும் அவரோடு போனது. அங்கிருந்து உலகெங்கும் நீரிழிவுப் பாத சிகிச்சைக்குள் நுழைந்தது. சர்க்கரை கெடுத்த நரம்பும் தொழுநோய் கெடுத்த நரம்பும் பாதத்துக்குச் செய்வது ஏறக்குறைய ஒன்றேதான்.

இங்கே செருப்புக்கு வேறொரு தலையெழுத்து இருந்தது. திண்டிவனத்துக்கு வடக்கே மதுராந்தகம் வட்டாரத்தில் போலம்பாக்கம். 1955இல் பெல்ஜிய மருத்துவர் ஹெமரிக்ஸ் அங்கே மையம் தொடங்கி, ஊர் ஊராகப் போய் மரத்தடியில் தொழுநோய்க்கு மருந்து கொடுத்தார். மரத்தடியில் மருந்து வாங்கினால் நாலு பேர் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஆனால் காலில் கிடக்கும் விநோதச் செருப்பு தினமும் ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனாலேயே புண்ணோடு வெறுங்காலில் நடந்தவர்கள் உண்டு. 1982இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பின், அதை உட்கொண்டவர்கள் உடம்பில் கிருமி ஒழிந்தது; செத்த நரம்பு திரும்பவில்லை. அரசு இன்றும் அவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு தருகிறது. சர்க்கரைக்காரர்கள் அதே செருப்பைக் காசு கொடுத்து வாங்கிக் கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போக, அந்தக் களங்கம் சத்தமில்லாமல் தேய்ந்துவருகிறது. இதைப் பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

கூடவே ஒன்றைத் தொலைத்தும் விட்டோம். கடையில் கிடைப்பது ரப்பர் மட்டும்தான். பாதத்தை அளந்த கை அதோடு வருவதில்லை. பின்வார் இல்லாமல் விரலிடுக்கில் பட்டை வைத்த எம்.சி.ஆர். கூட விற்கிறது. குதிகால் வலிக்காரருக்கு அது போதும். வலிக்கிறது என்று சொல்ல அவருக்குக் கால் இருக்கிறது. பாதம் மரத்தவர் சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய் வாங்க வேண்டும். வீட்டிலிருந்தே ஒரு தாளில் பாதத்தை வரைந்து வெட்டி எடுத்துப் போய், செருப்புக்குள் அது மடங்காமல் படிகிறதா என்று பார்க்க வேண்டும். பின்வார் கேட்டு வாங்க வேண்டும். உள்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, பள்ளம் எழும்பாவிட்டால், மேலே புதுசுபோல மின்னினாலும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.