பழைய கார்ல ஹார்ன் அடிக்கலையா? ஸ்டீயரிங்கை கழற்றும் முன் இதை செக் பண்ணுங்க!

ஹார்ன் பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. அல்லது ஸ்டீயரிங்கை திருப்பும்போது தானாக அலறுகிறது. 1960-களின் அமெரிக்க கார்களில் இது சகஜமான பிரச்னைதான். உடனே புது ஹார்ன் வாங்கிட வேண்டாம். கோளாறு ஸ்டீயரிங்குக்குள்ளேயே இருக்கலாம். 1969 மாடல் செவ்ரோலே கமாரோவை உதாரணமாக வைத்து பார்ப்போம்.

எப்படி வேலை செய்கிறது?

இந்த காரில் ஹார்னுக்கான கரன்ட் பட்டன் வழியாக வருவதில்லை. பேட்டரியில் இருந்து ரிலேவுக்கு வருகிறது. பட்டனின் வேலை, ரிலேவில் இருந்து வரும் கறுப்பு வயரை ஸ்டீயரிங் தண்டு வழியாக எர்த் செய்வது மட்டும்தான். உடனே ரிலே இயங்கி, ஹார்ன் ஒலிக்கும்.

ஸ்டீயரிங் சுற்றும்போதும் இணைப்பு விடக்கூடாதே? அதற்காக ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு பித்தளை வளையமும், ஸ்பிரிங் வைத்த சின்ன பின்னும் உண்டு. தேய்வதும் அழுக்கு சேர்வதும் பெரும்பாலும் இங்கேதான்.

எப்படி டெஸ்ட் செய்வது?

1. ரிலேவில் கறுப்பு வயர் சேரும் முனையை, தனி வயரால் காரின் பாடியோடு தொட்டுப் பாருங்கள். ஹார்ன் அடித்தால் ரிலேவும் ஹார்னும் ஓகே. கோளாறு ஸ்டீயரிங் பக்கம்.

2. அடிக்கவில்லையா? ஹார்னுக்கு பேட்டரியில் இருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். அடித்தால் ரிலே, வயரிங்கை பாருங்கள். அடிக்காவிட்டால், ஹார்னை பொருத்தியுள்ள இடத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்னுக்கு எர்த் கிடைப்பதே அந்த வழியாகத்தான்.

3. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, கறுப்பு வயரை ரிலேவில் இருந்து கழற்றுங்கள். மல்டிமீட்டரில் ஓம் வைத்து, ஒரு முனையை அந்த வயரிலும் மற்றொன்றை பாடியிலும் வையுங்கள். பட்டனை அழுத்தினால் கிட்டத்தட்ட 0 காட்டணும். விட்டால் இணைப்பு துண்டிக்கப்படணும். விட்ட பிறகும் 0 காட்டினால், எங்கேயோ வயர் நசுங்கி பாடியைத் தொடுகிறது அல்லது பட்டன் ஒட்டிக்கொண்டது. தானாக அலறுவதற்கு இதுவே காரணம். அழுத்தியபடி ஸ்டீயரிங்கை திருப்பும்போது அளவு குதித்தால், வளையத்தில் பிரச்னை.

சுத்தியல் வேண்டவே வேண்டாம்

ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல்களில் இருந்து, விபத்தில் மடங்கி ஓட்டுநரின் நெஞ்சைக் காக்கும் ஸ்டீயரிங் அமைப்பைக் கொண்டுவந்தது. அதன் தண்டு சிறு பிளாஸ்டிக் பின்களால் பிடிக்கப்பட்டிருக்கும். ஸ்டீயரிங் வரவில்லை என்று தண்டின் தலையில் சுத்தியலால் அடித்தால் பின்கள் உடைந்துவிடும். ஹார்ன் சரியாகலாம், பாதுகாப்பு போய்விடும். எனவே புல்லர் கருவியால் மட்டுமே கழற்றணும். கழற்றும் முன் ஸ்டீயரிங்கிலும் தண்டிலும் நேர்க்கோட்டில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி செய்வது எப்படி?

பித்தளை வளையத்தை நைசான உப்புத்தாளால் துடைத்து, கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, பின்னை தாங்கும் பிளாஸ்டிக் உடைந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

எல்லாம் சரி, இன்னும் அடிக்கலையா? தண்டின் கீழ்முனையில் உள்ள ரப்பர் இணைப்பை பாருங்கள். ரப்பர் கரன்ட்டை கடத்தாது; எர்த்துக்காக அதில் உலோகக் கம்பியோ பட்டையோ இருக்கும். புது ரப்பர் மாற்றும்போது அது விடுபட்டால் ஹார்ன் ஊமையாகிவிடும்.

இந்த முறை ஏர்பேக் இல்லாத பழைய கார்களுக்கு மட்டும்தான். ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கில் நீங்களே கை வைக்காதீங்க. பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுடுங்க.