கேபிள் டெஸ்டரும் மாறும் தரங்களும்

லேன் கேபிளைச் சோதிக்கும் கைக்கருவியின் ஃபர்ம்வேரை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருப்பதற்குப் பெரும்பாலும் கருவியின் பழுது காரணமல்ல; கேபிளுக்கான தரம் மாறிக்கொண்டே வந்ததுதான் காரணம்.

இந்த மாற்றத்தை ஹைதராபாத்தை வைத்துப் பார்க்கலாம். நகரின் கிழக்கே இருக்கும் நாச்சாரம், பழைய தொழிற்பேட்டைப் பகுதி. சற்றுத் தள்ளி, 1967-ல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். என்ற மின்னணு நிறுவனமும், தொலைபேசிக் கேபிள் தயாரித்த பொதுத்துறை ஹிந்துஸ்தான் கேபிள்ஸ் ஆலையும் அமைந்தன. தொலைபேசிக் கேபிளுக்கு மெகர் என்ற கருவியை வைத்து இன்சுலேஷன் பார்ப்பதும் கம்பியின் மின்தடையை அளப்பதும் முக்கியச் சோதனைகள். பல ஆண்டுகள் அவை பெரிதாக மாறவில்லை. அந்தக் கருவிகளில் புதுப்பிக்க ஏதும் இருக்கவுமில்லை.

கணினி வலையமைப்பு வந்ததும் நிலைமை வேறானது. ஒரு ஜோடிக் கம்பியின் சிக்னல் அடுத்த ஜோடியில் எவ்வளவு கசிகிறது என்பதைப் பல அதிர்வெண்களில் அளக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 568 என்ற வயரிங் தரம் 1991-ல் வெளியானது. பதித்து முடித்த கேபிளைக் களத்திலேயே சோதிக்கும் விதிகள் 1995-ல் டி.எஸ்.பி.-67 ஆவணத்தில் வந்தன. பின்பு கேட் 5இ, 2002-ல் கேட் 6, 2008-ல் கேட் 6ஏ எனக் கேபிள் வகைகளுக்கான தரங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. ஹைதராபாத்தின் மேற்கே சைபர் டவர்ஸ் என்ற ஐ.டி. அலுவலகக் கட்டடம் 1998 நவம்பரில் திறக்கப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். அலுவலகங்களில் கேபிள் பதித்த ஒப்பந்ததாரர், பில்லோடு சோதனை அறிக்கையும் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய வரம்புகளை மட்டும் வைத்திருந்த டெஸ்டர் அங்கே உதவாது.

புதிய வரம்புகளைச் சேர்க்கக் கருவியின் நிரலை மாற்ற வேண்டும்; எப்ராம் என்ற நினைவகச் சிப்பில் நிரலை வைத்த பழைய கருவிகளில் அது எளிதல்ல. பெட்டியைத் திறந்து சிப்பைக் கழற்ற வேண்டும். பழைய நிரலை அழிக்க, அதன் குவார்ட்ஸ் சாளரத்தின் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்ச வேண்டும். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984-ல் அறிவித்த ஃபிளாஷ் நினைவகம் பரவிய பிறகு, சிப்பைத் தொடாமலே நிரலை மாற்ற முடிந்தது.

2004-ல் வந்த ஃப்ளூக் நிறுவனத்தின் டி.டி.எக்ஸ். டெஸ்டர் வரிசையைப் புதுப்பிக்க ஒரு யு.எஸ்.பி. வயரும் கணினியில் லிங்க்வேர் மென்பொருளும் போதுமாக இருந்தன. பாதியில் மின்சாரம் நின்றால் கருவி முடங்கிவிடலாம் என்பதால் பேட்டரியை நம்பாமல் அடாப்டரைச் செருகியே செய்வார்கள். கேபிளின் மறுமுனையில் இருக்கும் ரிமோட்டையும் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும்.

ஆனால் ஃபர்ம்வேரால் எல்லாம் முடியாது. டி.டி.எக்ஸ்.-1200 அளந்தது 350 மெகாஹெர்ட்ஸ் வரை. கேட் 6ஏ கேட்பதோ 500. எந்தப் புதுப்பிப்பும் அந்த இடைவெளியை நிரப்பாது. 900 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் டி.டி.எக்ஸ்.-1800 போன்ற கருவியை வாங்கத்தான் வேண்டியிருந்தது. அளவுத் திருத்தமும் தனி வேலை: ஃபர்ம்வேர் புதிதாக இருந்தாலும், காலிபரேஷன் தேதி கடந்த கருவியின் அறிக்கையை வாடிக்கையாளர் ஏற்க மறுக்கலாம்.