டர்னரின் நதிகள்: எஃகுத் தகட்டில் ஓடிய ஆறுகள்

இன்று ஒரு நதியின் படம் வேண்டுமென்றால் கணினியில் தேடி ஒரு நொடியில் எடுத்துவிடலாம். 1830களின் தொடக்கத்தில் அப்படி இல்லை. கேமராவே இன்னும் வெளிவராத காலம். ஓவியன் வரைந்த ஒரே ஒரு ஓவியத்தை ஆயிரம் பேர் பார்க்க வேண்டுமென்றால், யாராவது ஒருவர் அதை உலோகத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை பூசி, தாளில் அச்சிட்டாக வேண்டும்.

அப்படி உருவான அச்சுப்படங்களைத் தேடிச் சேகரிப்பவர்கள் இன்றும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் தேடும் படங்களில் முக்கியமான ஒரு தொகுப்பு, டர்னரின் பிரான்ஸ் நதிகள்.

முடிதிருத்துபவரின் மகன்

ஜே.எம்.டபிள்யூ. டர்னர் 1775-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. 1802-ல், 26 வயதிலேயே, ராயல் அகாடமியின் முழு உறுப்பினர் ஆனார். ஒளி, நீர், மூடுபனி... இந்த மூன்றையும் அவர் அளவுக்கு வரைந்தவர்கள் குறைவு.

1815-ல் நெப்போலியன் போர்கள் முடிந்ததும் ஆங்கிலேயர்கள் மறுபடி ஐரோப்பாவுக்குப் பயணம் போகத் தொடங்கினார்கள். போக முடியாதவர்கள் படம் பார்த்து ஆசையைத் தீர்த்துக்கொண்டார்கள். இந்த ஆசையை வியாபாரமாக்க நினைத்தவர் சார்லஸ் ஹீத். இவரும் ஒரு செதுக்கு ஓவியர்தான். ஐரோப்பாவின் பெரிய நதிகளையெல்லாம் டர்னரை வரையச் சொல்லி, ஆண்டுக்கொரு பரிசுப் புத்தகமாக வெளியிடுவது அவர் திட்டம்.

1833-க்கான புத்தகத்தில் லுவார் நதி, 21 படங்கள். 1834, 1835 புத்தகங்களில் சேன் நதி, 40 படங்கள். எழுத்து லீச் ரிச்சி என்பவருடையது. ரைன், டான்யூப் என்று நீள வேண்டிய திட்டம் இந்த இரண்டு நதிகளோடு நின்றுவிட்டது. மொத்தம் 61 படங்கள்.

செம்பிலிருந்து எஃகுக்கு

அதற்கு முன்பெல்லாம் செம்புத் தகட்டில்தான் செதுக்குவார்கள். செம்பு மென்மையானது, உளி சுலபமாக இறங்கும். ஆனால் அச்சிட அச்சிட நுண்ணிய கோடுகள் தேய்ந்து, படம் மங்கிவிடும். 1820களில் எஃகுத் தகடு பரவியது. எஃகில் கோடு போடுவது கடினம், நேரமும் அதிகம் பிடிக்கும். ஆனால் ஆயிரக்கணக்கில் அச்சிடலாம். அதனால்தான் புத்தகங்களின் விலை குறைந்தது. நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்குள் டர்னர் நுழைந்தார்.

டர்னர் நீலநிறத் தாளில், உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய அளவில், அழுத்தமான வண்ணங்களில் வரைந்து கொடுத்தார். செதுக்குபவரிடம் இருப்பதோ கருப்பு மையும் வெள்ளைத் தாளும் மட்டுமே! மாலைச் சூரியனின் மஞ்சளை எப்படிக் கோடாக்குவது? கோடுகளை நெருக்கினால் நிழல், விலக்கினால் வெளிச்சம். வானத்துக்கு ஒரு வகைக் கோடு, நீருக்கு இன்னொரு வகை. வெளிச்சம் இருக்கும் இடத்தில் ஒன்றும் செதுக்காமல் விடுவதுதான் பெரிய திறமை.

மாதிரி அச்சு வந்ததும் டர்னர் விடமாட்டார். சாக்கட்டியாலும் பென்சிலாலும் அதன் மேலேயே திருத்துவார், சில இடங்களைக் கத்தியால் சுரண்டுவார், ஓரத்தில் குறிப்பு எழுதுவார். செதுக்குபவர் திரும்பத் தகட்டுக்குப் போக வேண்டும். அவரிடம் வேலை செய்த வாலிஸ், மில்லர், பிராண்டர்ட், வில்மோர், கவுசன் போன்றவர்கள் இப்படித்தான் பழகித் தேர்ந்தார்கள்.

சேகரிப்பவர் பார்ப்பது என்ன?

எஃகுத் தகடு நீண்ட நாள் உழைத்ததால் இதே படங்கள் பலமுறை மறுபதிப்பு கண்டன. 1853-ல் போன் என்ற பதிப்பாளர் 61 படங்களையும் ஒரே நூலாக வெளியிட்டார். ஆகவே "பழைய படம்" என்று விற்கப்படும் எல்லாமே முதல் அச்சு அல்ல. தலைப்பு பொறிப்பதற்கு முன்பே எடுத்த மாதிரி அச்சுகளுக்கு மதிப்பு அதிகம். அவற்றில் பலவற்றை 'இந்தியா காகிதம்' எனப்படும் மெல்லிய தாளில் எடுத்தார்கள். பெயர்தான் இந்தியா, அந்தத் தாள் வந்தது சீனாவிலிருந்து!

வண்ணத்தோடு இருந்தால் எச்சரிக்கை தேவை. இந்தப் படங்கள் கருப்பு வெள்ளையில்தான் வெளிவந்தன. வண்ணம் பெரும்பாலும் பின்னாளில் விற்பனைக்காகப் பூசியது. தாளில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியவை. டபிள்யூ.ஜி. ராலின்சன் 1908, 1913 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பட்டியலில் டர்னரின் அச்சுப்படங்கள் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. சேகரிப்பவர்கள் இன்றும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

ஒரு கசப்பான விஷயமும் உண்டு. முழுப் புத்தகத்தை விற்பதைவிடப் படங்களைத் தனித்தனியாக விற்றால் லாபம் அதிகம். அதனால் எத்தனையோ பழைய புத்தகங்கள் பிரிக்கப்பட்டுவிட்டன. சுவரில் தொங்கும் தனிப் படத்துக்குப் பின்னால் பெரும்பாலும் உடைந்துபோன ஒரு புத்தகம் இருக்கிறது. ஆசையோடு வாங்குபவரே அந்த அழிவுக்குக் காரணமாகிவிடுகிறார்.

வலது மூலையில் ஒரு பெயர்

ஓவியங்களின் கதி நல்லபடியாக முடிந்தது. லுவார் ஓவியங்களில் பெரும்பாலானவற்றை விமர்சகர் ஜான் ரஸ்கின் வாங்கி 1861-ல் ஆக்ஸ்போர்டுக்குக் கொடுத்தார். அவை இப்போது ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சேன் ஓவியங்கள் டர்னரின் உடைமைகளோடு நாட்டுக்குச் சேர்ந்து, லண்டன் டேட்டில் இருக்கின்றன.

செதுக்கியவர்கள்? செதுக்கு ஓவியர்களை ராயல் அகாடமி நீண்ட காலம் முழு உறுப்பினராகச் சேர்க்கவில்லை. சாமுவேல் கசின்ஸ் 1855-ல்தான் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் செதுக்கு ஓவியர் ஆனார். அதற்குள் டர்னர் இறந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. புகைப்படமும் வந்துவிட்டது. பிறகு படம் அச்சிடப் புதிய முறைகள் வர, எஃகில் செதுக்கும் தொழிலே மெல்ல மறைந்தது.

ஒவ்வொரு படத்தின் கீழேயும் பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். இடப்பக்கம் வரைந்தவர், வலப்பக்கம் செதுக்கியவர். சட்டம் போடும்போது உள்ளே வைக்கும் அட்டை பல நேரம் அந்த வரியை மூடிவிடுகிறது. டர்னரின் பெயரைக் கடைக்காரர் வாயாலேயே சொல்லிவிடுவார். மூடப்பட்டது மற்றவரின் பெயர் மட்டும்தான். ஒரு பழைய அச்சுப்படம் கையில் கிடைத்தால், முதலில் அந்த அட்டையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாம்.