அடுப்படி அலங்காரம்

சென்ற தை மாதம் நயினார்கோவிலில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் பழுது பார்க்கத் தொடங்கினோம். நாட்டு ஓடு பாதி உடைந்து கிடந்தது. மேற்குச் சுவர் விரிசல் கண்டிருந்தது. செலவில் பெரும்பங்கு பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகனுடையது என்பதால், யோசனைகளும் அவனிடமிருந்தே வந்தன.

"சித்தப்பா, அடுப்படியை மட்டும் இடிக்க வேண்டாம். அப்படியே வச்சு அழகுபடுத்திடலாம்" என்று செல்போனில் படங்கள் காட்டினான். குளிர் நாட்டு வீடுகளில் கணப்பைச் சுற்றி எப்படி அலங்காரம் செய்கிறார்கள் என்ற படங்கள் அவை. அதே மாதிரி நம் அடுப்பு மேடைக்குக் கறுப்புக் கல் பதிக்கலாம், மேலே பலகை அடித்துப் பித்தளைப் பாத்திரங்களை வரிசையாக வைக்கலாம், சுவரில் உள்ள புகைக்கறையைச் சுரண்டிவிட்டு வெள்ளை பெயிண்ட் அடித்து மறைவாக விளக்குப் போடலாம் என்றான். எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

படங்களை அக்காவிடம் காட்டினேன். அவளுக்கு வயது 79. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அம்மாவுக்குக் கண்ணு போனது அங்கதானே? அதை என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்து அடுப்பை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கண்மாய்க் கரம்பை மண்ணை உடைத்து, உமியும் வைக்கோல் தூளும் போட்டு மிதித்து, இரண்டு நாள் புளிக்க விட்டு அப்பத்தா அடுப்பு போடுவாள். புற்றுமண் சேர்த்தால் அடுப்பு வெடிக்காது என்பார்கள். ஆனால் எங்கள் ஊர் நாகநாதர் கோயிலில் புற்று இருக்கிறதல்லவா? அதனால் அப்பத்தா எந்தப் புற்றிலும் கை வைக்க மாட்டாள். கரம்பையே போதும் என்பாள்.

அடுப்பின் வாய் ஒரு சாண் அகலம். மேலே மூன்று குமிழ். பக்கத்தில் ஒட்டினாற்போல் கொடியடுப்பு. பெரிய அடுப்பில் சோறு வேகும்போது, உள்வழியாகப் போகும் அனலில் கொடியடுப்பில் குழம்பு கொதிக்கும். அந்தக் குமிழ்கள் பார்வைக்கு அழகுதான். ஆனால் அழகுக்காக வைத்தவை அல்ல. பானையை அடுப்பின் விளிம்பிலிருந்து சற்று உயர்த்திப் பிடித்தால்தான் காற்று ஓடும், தீ எரியும்.

அலங்காரம் அதன் பிறகு வரும். இரவுச் சமையல் முடிந்து, சாம்பலை அள்ளிவிட்டு, சாணம் கரைத்து அடுப்பை மெழுகுவார்கள். சாணத்திலுள்ள நார் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், அன்றாடம் விழும் கீறல் அடைபடும். வெள்ளிக்கிழமையானால் ஓரங்களில் செம்மண் பட்டை, அதன்மேல் சுண்ணாம்புக் கோடு, அடுப்பின் நெற்றியில் அரிசி மாவால் ஒரு சின்னக் கோலம். பக்கத்துச் சுவரில் மாடக்குழி, அதில் சிம்னி விளக்கு. மேலே உறியில் தயிர்ப் பானை. மூலையில் பிரிமணைகளின் மேல் அடுக்குப் பானைகள். ஊதாங்குழல், கிடுக்கி, அகப்பை எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஊதாங்குழலை இடம் மாற்றி வைத்தால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

அடுப்பைக் காலால் மிதிக்கக் கூடாது, எரியும் தீயில் தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அடுப்பு எரிகிற வீடுதான் வீடு. வறுமையைச் சொல்ல "அடுப்பில் பூனை உறங்குகிறது" என்ற ஒரு சொல்லே போதும்.

இது இன்று நேற்று வந்ததல்ல. புறநானூற்றின் 164-ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் குமணனிடம் தம் வறுமையைச் சொல்கிறார். சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது என்பது அவர் முறையீடு. அந்த அடுப்பை அவர் பக்கங்கள் உயர்ந்த அடுப்பு என்று வருணிக்கிறார். பணி ஓய்வுக்குப் பிறகு அந்தப் பாட்டைப் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் குமிழ் வைத்த அடுப்புதான் கண்முன் வந்தது. அடுப்பு, அடுக்களை, அடிசில் எல்லாமே சமைத்தலைக் குறிக்கும் 'அடு' என்ற வேரிலிருந்து பிறந்த சொற்கள்.

குளிர் காய நெருப்பு வைத்துக்கொள்வதும் நமக்குப் புதிதல்ல. நக்கீரரின் நெடுநல்வாடையில், வாடைக் காற்று வீசும் கூதிர்காலத்தில் சாளரங்களை அடைத்துவிட்டுத் 'தடவு' என்ற அகன்ற வாயுடைய நெருப்புச் சட்டியின் முன் மக்கள் இருக்கிறார்கள். ஆனால் இராமநாதபுரத்து வெயிலில் யாருக்குக் கணப்பு வேண்டும்? எங்களுக்கு நெருப்பு என்றால் அடுப்புதான்.

நான் முதன்முதலில் உண்மையான கணப்பைப் பார்த்தது ஊட்டியில். 1975-இல் என்னை அங்கே மாற்றினார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-இல் அங்கே கட்டத் தொடங்கிய முதல் பங்களாவை உள்ளூர்க்காரர்கள் 'கல் பங்களா' என்றார்கள். பின்னாளில் சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைநகராகவே ஊட்டி ஆனது. வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் வீட்டையே அங்கே கட்டினார்கள். அதனால் பழைய பங்களாக்களின் கூடத்தில் கணப்பு இருக்கும்.

அப்படிப்பட்ட பங்களா ஒன்றின் பின்பகுதியில் எனக்கு வாடகைக்கு இடம் கிடைத்தது. கூடத்துச் சுவரில் கணப்பு. அதைச் சுற்றி தேக்குச் சட்டம். மேலே ஒரு பலகை. அதில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன, ஓடாத கடிகாரம் ஒன்றும் இரண்டு பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளும். பொறி தெறிக்காமல் இருக்க முன்னால் ஒரு கம்பி வலை. தீ மூட்டாத மாதங்களில் உள்ளே ஒரு கூடையில் பைன் மரக் காய்களைப் போட்டு வைப்பார்கள் என்று காவல்காரர் சொன்னார். அந்த வீட்டில் விருந்தினர் பார்ப்பது முதலில் அந்த இடத்தைத்தான். நம் வீட்டில் விருந்தினர் கண்ணில் படவே படாத இடம் அடுப்படி.

அவர்களுக்கும் ஒரு காலத்தில் நம் நிலைதான். இங்கிலாந்தில் பழைய வீடுகளில் கூடத்தின் நடுவில் நெருப்பு எரியும், புகை கூரை வழியாகப் போகும். 16-ஆம் நூற்றாண்டில்தான் புகைபோக்கி சாதாரண வீடுகளுக்கும் பரவலாக வந்தது. வந்த பிறகு 1662-இல் அரசாங்கம் கணப்புக்கே வரி போட்டது. ஒரு கணப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். மக்களின் வெறுப்பு தாங்காமல் 1689-இல் அதை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் புகை அறைக்குள் திரும்பிக்கொண்டுதான் இருந்தது. கவுண்ட் ரம்ஃபோர்ட் என்ற விஞ்ஞானி கணப்பின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைபோக்கியின் கழுத்தைக் குறுக்க வேண்டும் என்று 1796-இல் எழுதினார். வெப்பம் அறைக்கு வந்தது, புகை மேலே போனது. புகை ஒழுங்காக வெளியேறிய இடத்தில்தான் கடிகாரமும் படமும் கரி பிடிக்காமல் நிற்கும். அவர்களுடைய அலங்காரத்துக்கு அடிப்படை அந்தப் புகைபோக்கி.

1976 மே மாதம் அம்மா பத்து நாள் ஊட்டிக்கு வந்தாள். சாயங்காலம் கணப்பில் யூகலிப்டஸ் கட்டைகளைப் போட்டு மூட்டினேன். அம்மா வழக்கப்படி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையை எடுத்துவிட்டு, "ஏப்பா, புகையவே காணோம்?" என்றாள். மேலே போகும் வழியைக் காட்டினேன். மறுநாள் காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது, சாம்பலை அள்ளிவிட்டு, அணைந்த கணப்புக்குள் தலையை நீட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளிச்சம் தெரியுதுப்பா. இந்த மாதிரி ஒரு ஓட்டை நம்ம வீட்டுலயும் போட்டா என்ன?" என்றாள்.

"ஊருக்கு வந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டுப் போட்டுடலாம்மா" என்றேன்.

அன்று சாயங்காலம் வந்து பார்த்தால், கணப்பின் முன்னால் தரையில் அரிசி மாவுக் கோலம் இருந்தது.

கொத்தனாரை நான் கூப்பிடவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். "ஓட்டைப் பிரிச்சா மழை ஒழுகும். மிளகாய் வெள்ளாமை முடியட்டும், பார்ப்போம்" என்றார். அந்த வருஷம் மழை இல்லை. அதற்கடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். பிறகு யாரும் அதைப் பேசவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஏன் புகைபோக்கி வைக்கவில்லை என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். காரணங்கள் இல்லாமல் இல்லை. புகை பட்டால் பனங்கையிலும் மூங்கிலிலும் பூச்சி அரிக்காது. அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்ட விதைக்கு வண்டு வராது. கொஞ்சம் புகை ஓட்டு இடுக்கு வழியாகப் போய்விடும். வீட்டுக்கும் விதைக்கும் புகை நல்லது செய்தது உண்மை. ஊதாங்குழலோடு குனிந்து உட்கார்ந்திருப்பவள் அந்தக் கணக்கில் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. மெழுகுவது, பட்டை அடிப்பது, கோலம் போடுவது எல்லாம் பெண்கள் தம் கையாலேயே செய்துகொள்ளக் கூடியவை. காசு வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். புகைபோக்கிக்குக் கூரையைப் பிரிக்க வேண்டும், கொத்தனாருக்குக் கூலி வேண்டும். அது ஆண்கள் முடிவு செய்ய வேண்டிய வேலை. நாங்கள் அடுப்படிக்குள் போவதே சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கத்தான்.

வழி தெரியாமலும் இல்லை. காந்தியவாதிகள் 1947-இல் வார்தாவில் 'மகன் சூலா' என்ற புகையில்லா அடுப்பைச் செய்தார்கள். ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு, ஏழை வீட்டிலும் மண்ணாலேயே குழாய் வைத்து அடுப்பு கட்டலாம் என்று 1953-இல் புத்தகமே வெளியிட்டார். 1983-இல் மத்திய அரசு புகையில்லா அடுப்புகளுக்கென்று தேசியத் திட்டம் தொடங்கியது. பல இடங்களில் குழாயில் கரி அடைத்துக்கொண்டதும் சுத்தம் செய்ய ஆளில்லாமல் கிடப்பில் போட்டார்கள். 2006-இல் பதவிக்கு வந்த தி.மு.க. அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016 மே 1-ஆம் தேதி மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. 2020-இல் மட்டும் வீட்டுக்குள் உண்டாகும் புகையால் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கண்புரைக்கும் அந்தப் புகை ஒரு காரணம் என்று அதே நிறுவனம் சொல்கிறது.

எங்கள் அம்மா எரித்தது சீமைக்கருவேல விறகு, பனைமட்டை, மிளகாய் மார், மழைக்காலத்தில் ஈரம் காயாத எருவாட்டி. 62 வயதில் இரண்டு கண்ணுக்கும் புரை அறுவை செய்தோம். இடது கண்ணில் பார்வை சரியாகத் திரும்பவில்லை. இருமல் கடைசிவரை இருந்தது. 1991-இல் நான் கேஸ் இணைப்பு வாங்கிக் கொடுத்தேன். அம்மா அந்த அடுப்பையும் வெள்ளிக்கிழமை துடைத்து, பொட்டு வைத்தாள். பழைய மண் அடுப்பை மெழுகுவதையும் விடவில்லை. கண் சரியாகத் தெரியாததால் சுண்ணாம்புக் கோடு கோணலாகப் போகும். 1999-இல் காலமானாள்.

இதையெல்லாம் அண்ணன் மகனிடம் சொன்னேன். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப இடிச்சிடலாமா சித்தப்பா?" என்றான். அக்காதான் வேண்டாம் என்றாள். பொங்கலுக்கு ஒரு நாளாவது அதில் பால் பொங்க வேண்டும் என்பது அவள் விருப்பம். "ஆனா ஓட்டை போடாம அதுல நெருப்பு வைக்கக் கூடாது" என்றாள்.

முடிவில் இப்படிச் செய்தோம். கறுப்புக் கல் வேண்டாம், மண் அடுப்பு மண்ணாகவே இருக்கட்டும். பித்தளைப் பாத்திரங்கள் நம் வீட்டில் என்றைக்கும் வரிசையாக நின்றதில்லை, அதனால் அம்மாவின் பிரிமணைகள் மூன்றையும் மண்பானைகளையும் பழைய மூலையிலேயே வைத்தோம். ஊதாங்குழல் அதன் இடத்தில். மாடக்குழியில் ஒரு அகல். அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரைச் சுரண்டவில்லை. மற்ற மூன்று சுவரும் வெள்ளை, அந்தச் சுவர் மட்டும் அம்மா காலத்துக் கறுப்பு. பார்ப்பவர்கள் ஏன் என்று கேட்டால், காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓடு மாற்றும்போதே கொத்தனார் புகைபோக்கியும் கட்டினார். அடுப்புக்கு மேலே கூண்டு மாதிரி வைத்து, ஓட்டுக்கு மேல் மூன்றடி உயர்த்தி, மழை இறங்காமல் மேலே மூடி. ஒன்றரை நாள் வேலைதான். கூலி கொடுக்கும்போது அந்த ஒன்றரை நாள் எனக்கு உறுத்தியது.

வேலை முடிந்த அன்று அக்கா மணை போட்டு உட்கார்ந்து, சாணம் மெழுகி, பேத்தியின் கையில் சுண்ணாம்பைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னாள். பிறகு இரண்டு சுள்ளியை வைத்து மூட்டினாள். நாங்கள் எல்லோரும் வெளியே போய்க் கூரையைப் பார்த்தோம். புகை வந்தது. உள்ளே இருந்து அக்கா, "வருதா?" என்று கேட்டாள். வருகிறது என்றேன்.