குக்குலு பிறந்த கதை

ஆரணியில் பட்டு நெய்கிறவர்களுக்கு மூட்டுவலி புதிதல்ல. குழித்தறியில் காலை இறக்கி நாள் முழுக்க மிதித்தால் முழங்காலும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க்கும் ஒத்தடத்துக்கும் அடங்காதபோது நாட்டு மருந்துக் கடையில் யோகராஜ குக்குலு மாத்திரை வாங்குவதுண்டு. அதில் சேரும் குக்குலு என்ற பிசின் பக்கத்து ஜவ்வாது மலைச் சரக்கல்ல. ராஜஸ்தான், கட்ச் வறட்டு நிலங்களில் நிற்கும் ஒரு குட்டை முள்மரம் அதற்காகத் தன் உயிரையே கொடுத்திருந்தது.

அந்தக் காலத்து வைத்தியர்கள் குக்குலுவைத் துணியில் மூட்டையாகக் கட்டி, கொதிக்கும் திரிபலா கஷாயத்தில் தொங்கவிட்டார்கள். பிசின் கரைந்து கீழே இறங்கியது. மண்ணும் பட்டைத் துணுக்கும் துணியிலேயே தங்கின. இறங்கியதை வற்றவைத்து, நெய் தொட்டு இடிஇடியென்று இடித்தபோது மெழுகாகத் திரண்டது. வாதத்துக்கும் வீக்கத்துக்கும் அதுவே கைகண்ட மருந்தாக இருந்தது. ஆனால் சுஸ்ருத சம்ஹிதை அதற்கு இன்னொரு வேலையையும் சொல்லி வைத்திருந்தது.

உடம்பில் கொழுப்பு மிஞ்சி நாளங்களை அடைக்கும் நோயைப் பற்றிய அந்தப் பகுதி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஜி.வி. சத்யவதியின் கண்ணில் பட்டது. இது இன்றைய ரத்தக் கொழுப்பு நோயேதானே! முயல்களுக்குக் கொழுப்பூட்டிக் குக்குலுவும் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைந்தது. 1966-இல் ஆய்வேடு முடிந்தது. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதன் சாரத்தைப் பிரித்தெடுக்க, 1980-களின் கடைசியில் 'குக்குலிபிட்' என்ற மாத்திரை கடைக்கு வந்தது. பிசினின் புகழ் கடல் தாண்டியது. சோதனையும் அங்கேதான் காத்திருந்தது.

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 103 பேரிடம் அதை எட்டு வாரம் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். கெட்ட கொழுப்பு குறையவில்லை, சற்று ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. கொலஸ்ட்ரால் கனவு ஆட்டம் கண்டது. மூட்டுவலிக்காரர்கள் மட்டும் குக்குலுவைக் கைவிடவில்லை. அதற்குள் மரத்தின் கதி என்னவாகியிருந்தது?

தேவை ஏற ஏற, பிசினைச் சீக்கிரம் வடிக்கத் தண்டை ஆழமாக வெட்டினார்கள். காயத்தில் ரசாயனமும் சேர்த்தார்கள். பிசின் கொட்டியது, மரம் பட்டுப்போனது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் குக்குலு மரத்தை அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக அறிவித்தது.

இத்தனைக்கும் அது அடம்பிடிக்கும் மரமல்ல. மழைக்காலத்தில் குச்சி நட்டாலே வேர் பிடிக்கும். முற்றிய மரத்தில், பட்டை அளவுக்கு மட்டும் கீறினால் பிசினும் தரும், பிழைத்தும் கொள்ளும். ஆனால் குச்சி முற்றி மரமாக எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். காட்டில் வெட்டிச் சாய்த்து எடுத்த பிசினுக்கும் தோட்டத்தில் வளர்த்து எடுத்த பிசினுக்கும் மருந்துக் கம்பெனிகள் ஒரே விலை வைத்தால், எந்த விவசாயி அத்தனை ஆண்டுகள் காத்திருப்பார்?