லயனல் வென்ட்: இசையறிந்த கேமரா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற ஐரோப்பியரின் ஸ்டூடியோக்கள் இலங்கையைப் படம்பிடித்து விற்றன. தேயிலைத் தோட்டம், தென்னஞ்சாலை, சாதி வாரியாகவும் தொழில் வாரியாகவும் நிறுத்திவைக்கப்பட்ட மனிதர்கள் என்று வாங்குவோர் விரும்பிய காட்சிகளே அவற்றில் மிகுந்திருந்தன. அந்த மரபிலிருந்து புகைப்படத்தை விலக்கித் தனிக்கலையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் கொழும்பில் பிறந்த லயனல் வென்ட் (1900–1944). லண்டனில் சட்டமும் பியானோவும் பயின்று 1924-இல் ஊர் திரும்பியவர், வழக்கறிஞர் தொழிலைத் துறந்து இசையைப் பற்றிக்கொண்டார். கேமராவில் தீவிரமாக இறங்கியது 1930-களில்தான். பத்தாண்டுக்குச் சற்று மேல் நீடித்த அப்பணியை, வசதி படைத்த ஒருவரின் பல பொழுதுபோக்குகளில் ஒன்றாக எண்ணத் தோன்றலாம். உண்மையில், பிற கலைகளில் அவர் கொண்ட ஈடுபாடே அவருடைய புகைப்படத்துக்கு ஆழம் தந்தது.

இதற்கு அவர் செய்த வேலைகளே சான்று. கண்டி நடனக் கலைஞர்களை ஆதரித்தவர் அவர். அந்த ஆட்டத்தின் தாளமறிந்த கண், உடல் எந்தக் கணத்தில் வடிவம் கொள்கிறது என்பதையும் அறிந்திருந்தது. பாசில் ரைட் 1934-இல் 'சாங் ஆஃப் சிலோன்' ஆவணப்படத்தை எடுத்தபோது உள்ளூரில் துணைநின்றவர் வென்ட். ராபர்ட் நாக்ஸ் இலங்கையைப் பற்றி 1681-இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை அதில் வாசிப்பதும் அவர் குரலே. ஓவியர் ஜார்ஜ் கீற் போன்றோருடன் பழகியவர், நவீன ஓவியம் எழுப்பிய கேள்விகளை இருட்டறைக்குள் கொண்டுசென்றார். பாதி துலங்கிய படத்தின் மீது வெளிச்சம் பாய்ச்சி ஒளியையும் நிழலையும் புரட்டுவது, பல படங்களை ஒன்றாக இணைப்பது என அவர் தொடர்ந்து சோதித்துப் பார்த்தார்.

இந்த உத்திகள் மேன் ரே முதலிய மேலைநாட்டுப் புகைப்படக் கலைஞர்களிடமிருந்து இரவல் பெற்றவை என்று ஆட்சேபிக்கலாம். உத்தி வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் இந்தத் தீவின் முகங்களையும் கடற்கரைகளையும் இடிபாடுகளையும் அதற்குள் கொண்டுவந்த பார்வை அவருடையது. இன்னொரு ஆட்சேபம் கனமானது: உழைப்பாளிகளின் வெற்றுடல்களை மேல்தட்டுக் கண் அழகுப்பொருளாக்கியது என்பது. அந்த வர்க்க இடைவெளியை மறுக்க முடியாது. ஆயினும், சாதிக்கும் தொழிலுக்கும் மாதிரியாக மனிதரை நிறுத்திய ஸ்டூடியோக்களின் வழியில் அவர் செல்லவில்லை. அவருடைய நல்ல படங்களில் இருப்பவர்கள் தமக்கே உரிய கம்பீரத்தோடு நிற்கிறார்கள்.

1938-இல் லண்டனில் அவருடைய தனிக்கண்காட்சி நடந்தது. 1943-இல் '43 குழு' என்ற நவீன ஓவியர் அமைப்பு அவர் வீட்டில் உருவானது. ஓவியராக இல்லாமலே அதன் முதுகெலும்பாக இருந்தார். மறு ஆண்டு இறந்தார். 1950-இல் அவர் படங்கள் நூலாயின; 1953-இல் அவர் பெயரில் கொழும்பில் அரங்கு திறந்தது. ஆனால் நெகட்டிவ்கள் அவர் மறைவுக்குப் பின் அழிக்கப்பட்டுவிட்டன. ஆகவே, அவர் கைப்பட அச்சிட்டவற்றில் எஞ்சியுள்ள ஒவ்வொரு பிரதியையும் ஓர் ஓவியத்துக்குரிய கவனத்தோடு பாதுகாப்பது நம் கடமை.