பழைய எஞ்சினின் முதல் நிறம்

கிருஷ்ணகிரியிலிருந்து மத்தூர், ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் லாரி உற்பத்தியே நடைபெறுகிறது. இப்பகுதி மக்களுக்கு லாரி பழகிய பொருள்.

ஆயினும், பழைய லாரி ஒன்றின் எஞ்சினைப் பிரித்துக் கழுவி, அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிறத்தையே மீண்டும் பூச வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் அந்த வேலை உடனே சிக்கலாகிவிடுகிறது. ஓட்டுநர் பச்சை என்பார். மெக்கானிக் சாம்பல் என்பார். எஞ்சினோ எண்ணெயும் புகையும் படிந்து பழுப்பாக நிற்கும். இவற்றுள் எது உண்மை? விடை காண வரலாறு, வேதியியல், இயற்பியல் ஆகிய மூன்றும் தேவைப்படுகின்றன.

எஞ்சினுக்கு வண்ணம் எதற்கு?

எஞ்சினின் பெரும்பகுதி வார்ப்பிரும்பு. ஈரக்காற்றுப் பட்டால் அது துருப்பிடிக்கும். ஆகவே வண்ணப்பூச்சின் முதல் வேலை பாதுகாப்பு. இரண்டாவது பயன், வெளிர்நிறப் பூச்சின் மேல் எண்ணெய்க் கசிவு எளிதில் தெரிவது. மூன்றாவதாக, நிறமே எஞ்சினுக்கு அடையாளமாகிறது. அமெரிக்காவில் 1955-இல் வந்த ஷெவர்லே வி-8 எஞ்சின் ஆரஞ்சு நிறம் பெற்றது. ஃபோர்டு நிறுவனம் 1966 முதல் தன் எஞ்சின்களுக்கெல்லாம் ஒரே நீலத்தைப் பூசத் தொடங்கியது. அதற்கு முன் வெவ்வேறு எஞ்சின்களுக்கு வெவ்வேறு நிறங்கள் இருந்தன. எனவே பழைய வண்டிகளைப் பேணுவோர் எஞ்சினின் நிறத்தைக் கொண்டே அதன் காலத்தை ஊகிப்பதுண்டு.

தற்செயலாய்ப் பிறந்த நிறங்கள்

பழைய இயந்திரங்களில் அதிகம் காணப்பட்ட பச்சை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் பிரன்ஸ்விக் பச்சை. இங்கிலாந்தின் இரயில் எஞ்சின்களுக்குப் புகழ் தேடித்தந்த நிறம் இது. இப்பச்சை, நீலமும் மஞ்சளும் கலந்த கலவையாகும்.

அந்த நீலம் பிரஷ்ய நீலம். ஏறக்குறைய 1706-இல் பெர்லின் நகரில் டீஸ்பாக் என்பவர் சிவப்புச் சாயம் ஒன்றைத் தயாரிக்க முயன்றபோது, எதிர்பாராமல் நீலம் கிடைத்தது. அது இரும்பின் சயனைடுச் சேர்மம். மஞ்சளின் கதை 1797-இல் தொடங்குகிறது. சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறத் தாது ஒன்றை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலார் வோக்கலின் அதில் ஒரு புதிய உலோகம் இருப்பதைக் கண்டார். அதன் சேர்மங்கள் பல நிறங்களில் இருந்ததால், நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் குரோமியம் எனப் பெயர் வந்தது. குரோமியமும் காரீயமும் சேர்ந்த காரீயக் குரோமேட்டே குரோம் மஞ்சள்.

இருபதாம் நூற்றாண்டிலும் ஒரு தற்செயல் நிகழ்ந்தது. 1928-இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில், கண்ணாடிப் பூச்சிட்ட கலன் ஒன்று விரிசல் கண்டது. உள்ளிருந்த பொருள் இரும்புடன் கலந்து நீலநிறக் கழிவு உண்டாயிற்று. அதை ஆராய்ந்ததன் பயனாக, 1935-இல் தாமிர தாலோசயனின் என்னும் நிறமி விற்பனைக்கு வந்தது. வெப்பம், காரம், வெயில் ஆகியவற்றைத் தாங்கும் இந்நிறமியே இன்று பல நீல, பச்சைப் பூச்சுகளில் உள்ளது. பழைய நிறத்தைப் புதிய டப்பாவில் தேடுவோருக்கு இதனால் ஒரு தொல்லையும் உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

நிறத்துக்கு எண் வந்த கதை

'கரும்பச்சை' என்று சொன்னால் பத்துப் பேர் பத்துப் பச்சைகளை எண்ணுவர். இக்குழப்பத்தைப் போக்க, ஜெர்மனியில் 1927-இல் 40 நிறங்களுடன் 'ரால்' என்னும் பட்டியல் உருவாயிற்று. பிரிட்டிஷ் தர நிறுவனம் 1930-இல் தன் பட்டியலை வெளியிட்டது. இந்தியத் தர நிறுவனம் 1947-இல் தோன்றியபின், வண்ணப்பூச்சுகளுக்கான நிறங்கள் 'ஐ.எஸ். 5' என்னும் தரத்தில் தொகுக்கப்பட்டன. இதில் பல எண்கள் பிரிட்டிஷ் எண்களே. 105 என்றால் இரண்டிலும் ஆக்ஸ்போர்டு நீலம்; 537 என்றால் சிக்னல் சிவப்பு.

நம் லாரித் தொழிலின் வரலாறும் இதே வழியில் வந்தது. சென்னையில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, ஆஸ்டின் கார்களை இணைத்து வழங்கியது. பின்னர் இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதன் ஓசூர்த் தொழிற்சாலை 1980-இல் திறக்கப்பட்டது. ஆகவே, அக்காலத்து லாரி ஒன்றின் நிறத்தைத் தேடுவோர், இந்தியப் பட்டியலையும் பிரிட்டிஷ் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நன்று.

எஞ்சின் சொல்லும் பொய்கள்

எண் தெரியாதபோது எஞ்சினையே கேட்க வேண்டும். ஆனால் எஞ்சின் பொய்யும் சொல்லும்!

பிரஷ்ய நீலம் காரத்துக்கு ஆற்றாது. பட்டறையில் காஸ்டிக் சோடா நீரால் எஞ்சினைக் கழுவும்போது நீலம் சிதைந்து, பழுப்பான இரும்பு ஹைட்ராக்சைடு ஆகிவிடும். அதே காரம் குரோம் மஞ்சளை ஆரஞ்சாக்கும். இவ்வாறு, பச்சையாக இருந்த பகுதி பழுப்பாக மாறலாம். புகைபோக்கிக் குழாயின் அருகே வெப்பமும் இக்கேட்டைச் செய்யும். வெளிச்சமும் மழையும் படும் இடங்களில், பூச்சின் மேற்பரப்பு சிதைந்து சுண்ணாம்புபோல் வெளிறும்.

அப்படியானால் வெளிச்சமே படாத இடத்தைப் பார்த்தால் போதுமா? அங்கும் ஒரு சிக்கல். 1920-களில் அமெரிக்காவில் உருவான ஆல்கைடு எனாமல்களில் தாவர எண்ணெய் அடங்கியுள்ளது. இவ்வகைப் பூச்சு இருட்டில் இருந்தால் மஞ்சளாகும் இயல்புடையது. நீலம் பச்சை சாயும். சாம்பல் பழுப்புச் சாயும். ஆக, வெளிப்பட்ட இடம் வெளிறியது. மறைந்த இடம் மஞ்சளித்தது. நல்லவேளையாக, பின்னதற்கு ஓரளவு மாற்று உண்டு. மறைந்திருந்த பகுதியில் சில நாள் வெயில் பட்டால் அந்த மஞ்சள் பெரும்பாலும் குறையும்.

தேடும் முறை

முதலில், வண்டியில் இருப்பது அதன் பழைய எஞ்சின்தானா என்று பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணுடன் ஒப்பிடுக. எஞ்சின் மாறியிருந்தால் நிறத்தேடலின் பொருளும் மாறும். அடுத்து, பெயர்த்தகட்டின் அடியிலும் டைனமோ தாங்கியின் பின்புறத்திலும் வாஷர்களின் கீழும் பாருங்கள். அங்கே ஒரு சிறு இடத்தை, நுண்ணிய நீர்த்தாளால் நனைத்து, குழிபோல் மெல்லத் தேய்த்தால் பூச்சு அடுக்குகள் மரத்தின் ஆண்டு வளையங்கள்போல் தோன்றும். அடிப்பூச்சை ஒட்டியிருக்கும் நிற வளையமே முதல் நிறம்.

இத்தேய்ப்பில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய மஞ்சள், பச்சை, ஆரஞ்சுப் பூச்சுகளில் காரீயக் குரோமேட்டு இருக்கலாம். உலர்த்தேய்ப்பில் எழும் தூசியை மூச்சில் ஏற்பது காரீய நஞ்சுக்கு வழி, குரோமேட்டும் தீங்கானது. சிறுவர்களுக்கு ஆபத்து மிகுதி. நனைத்தே தேய்க்க வேண்டும். தூசி தடுக்கும் முகக்கவசம் அணிய வேண்டும். கழிவைத் திரட்டி அகற்ற வேண்டும். கை கழுவாமல் உண்ணலாகாது. வீட்டுப் பூச்சுகளில் காரீயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறையாயிற்று. அது பழைய எஞ்சின்மேல் ஏற்கெனவே இருப்பதை நீக்கிவிடாது.

வெளிச்சம் மாறினால் நிறம் மாறும்

நிறமளவியலுக்கு அடிப்படை இட்டவர்கள் இலண்டனில் ஆய்ந்த ரைட், கில்டு என்னும் இருவர். அவர்கள் சோதித்த பதினேழு பேரின் பார்வையைக் கொண்டு, 1931-இல் பன்னாட்டு ஒளியியல் குழு 'திட்ட நோக்காளர்' ஒருவரை வரையறுத்தது. கண்ணின் மூவகைக் கூம்பு உணர்விகளை ஒரே அளவில் தூண்டும் இரு பொருள்கள், வெவ்வேறு அலைநீளங்களை எதிரொளித்தாலும், நமக்கு ஒரே நிறமாகவே தோன்றும்.

மேலே குறிப்பிட்ட தொல்லை இதுதான். பிரஷ்ய நீலத்தால் ஆன பழைய பச்சையும், தாலோசயனினால் ஆன புதிய பச்சையும் பகலில் ஒன்றெனத் தோன்றி, குழல்விளக்கில் இரண்டாகப் பிரியக்கூடும். எனவே மாதிரித் துண்டில் பூசி, நன்றாகக் காய்ந்தபின், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும், பட்டறை விளக்கில் ஒருமுறையும் ஒப்பிட வேண்டும். ஈரத்தில் பார்த்துத் தீர்மானிக்கலாகாது.

பதினைந்து ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் இரத்தாயிற்று. பழைய லாரிகள் உடைப்புக்குப் போகின்றன. அவற்றோடு அவற்றின் நிறச் சான்றுகளும் மறைகின்றன. பழைய எஞ்சின் ஒன்று உங்கள் பட்டறைக்கு வந்தால் கழுவுவதற்கு முன்னரே பெயர்த்தகட்டைக் கழற்றிப் பாருங்கள். அடியில் இருக்கும் நிறத்தை எண்ணுடன் குறித்து வையுங்கள். காஸ்டிக் சோடாத் தொட்டியில் இறங்கிய எஞ்சினிடம் பிறகு கேட்டு அறிய ஒன்றும் இராது.